பறங்கி வீட்டுப் படம்

12 ஜூன் 1934, செவ்வாய்

விடிந்ததிலிருந்து தூறல். ஹந்தானை மலை கண்ணுக்கே தெரியவில்லை. மிளகாய் காயவில்லை.

அவர் பேராதனையில் ஒரு பறங்கி வீட்டு ஏலத்தில் அலுமாரி எடுத்து வந்தார். உள்ளே ஒரு படம். ஒல்லாந்துப் படமாம். "எறியவா?" என்றார். "ஐயோ, வேணாம்!"

ஒரு பொம்பளை ஜன்னலோரம் உட்கார்ந்து கிழங்கு சீவுகிறாள். சிவப்புத் தரை. மூலையில் விளக்குமாறு. ஒரு செருப்பு கழன்று கிடக்கிறது. அவ்வளவுதான். ராணியுமில்லை, சண்டையுமில்லை. வாய் லேசாகத் திறந்திருக்கிறது. தனக்குத்தானே என்னவோ பேசுகிறாள். இதைப் போய் ஒருத்தன் வரைந்திருக்கிறானே!

13, புதன்

வெங்காயம் உரித்தேன். படம் குசினிச் சுவரில். அங்கே வெயில், இங்கே மழை. அவள் என்ன பேசுகிறாள்? "அட, இன்னும் இவ்வளவு கிடக்கே" என்றிருப்பாள். நானும் அப்படித்தான் முணுமுணுப்பேன். அவளோடு எவ்வளவு நேரம் இருந்தேனோ, சோறு அடிப்பிடித்துவிட்டது.

வாசனைக்கு மாமி வந்தார், அவருடைய உம்மா. படத்தைக் கண்டார். "உருவப் படம் ஈக்கிற வீட்டுக்கு வானத்துலேந்து மலக்குமார் எறங்கி வர மாட்டாங்க. அடுப்புல போடு புள்ள."

14, வியாழன்

மழை விட்டது. மிளகாய் வெளியே.

அவரிடம் கெஞ்சினேன். "உம்மாக்கிட்டயே கேளு" என்று நழுவிவிட்டார். கடையில் மட்டும் புலி.

அஸர் தொழுகைக்குப் பிறகு மாமிக்கு வெற்றிலை இடித்துக் கொடுத்து, வாய் திறந்து கேட்டேன். மென்றுகொண்டே இருந்தார். பிறகு, "மொகத்த மறச்சிட்டா ஈக்கட்டும். மொகம் இல்லாட்டி அது உருவம் இல்ல."

முகத்தையா! செருப்பை மறைக்கச் சொல்லியிருக்கலாம். பானை, சட்டி, எதையாவது. எரிக்கவும் மனமில்லை. கோபம் கோபமாக வந்தது.

15, வெள்ளி

வேண்டியவை: கற்கண்டு, விளக்குத்திரி, நீல நூல்.

அவர் ஜும்மாவுக்குப் போனார். கஞ்சிப் பசை காய்ச்சினேன். வெள்ளைத் தாளை வட்டமாக வெட்டினேன். அந்த வாயை இன்னொரு தரம் பார்த்தேன். "மன்னிச்சுக்கோடி" என்று சொல்லிவிட்டு ஒட்டினேன்.

வெயிலும் கிழங்கும் அப்படியே இருக்கின்றன. பேச்சுத்தான் நின்றுவிட்டது.

மாமி வந்து வெகுநேரம் பார்த்தார். என் தோளில் கை வைத்தார். "இப்ப ஒன்ன மாதிரியே ஈக்கிது புள்ள."

குத்திச் சொல்லவில்லை. பிரியமாகத்தான் சொன்னார். அதுதான் தாங்க முடியவில்லை.