இருநூற்றுப் பன்னிரண்டாவது மீற்றர்

மேல் லயம்,
ஹுன்னஸ்கிரிய.
08.03.2026

அன்புள்ள சிந்துஜா அக்காவுக்கு,

தங்கை லோஜினி எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் நலம். உனக்கு அங்கே குளிர் குறைந்துவிட்டதா? நீ போன் எடுத்தால் அப்பா ஸ்பீக்கரில் போட்டு லயத்து வரிசை வீடுகளையே கூட்டிவிடுகிறார். அத்தனை பேர் முன்னால் எனக்கு வாய் வருவதில்லை. அதனால்தான் கடிதம்.

பள்ளிக்கூடத்து முகாமிலிருந்து பதினான்கு குடும்பங்களும் லயத்துக்குத் திரும்பி மூன்று கிழமை ஆகிறது. மண்சரிவு ஆபீஸ்காரர்கள் ஒட்டிய சிவப்பு நோட்டீஸ் சுவரில் அப்படியே இருக்கிறது. உன் பேச்சை நம்பித்தான் வந்தோம். லயத்துக்குப் பின்னால் வயர் புதைத்தபோது கோயில் கூட்டத்தில் நீ சொன்னதைப் பாலம்மா பெரியம்மா வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக் காட்டுகிறார்: "மண்ணு ஒரு நூல் அசைஞ்சாலும் வயருக்குத் தெரியும். ஒடனே நாங்க போன் அடிப்போம்."

பிள்ளைகள் வராத பழைய பிள்ளைக் காம்பராவில் வயர் வந்து சேரும் உங்கள் பெட்டி பத்திரமாக இருக்கிறது. பெரியம்மா தினமும் ஜன்னல் வழியாகப் பச்சை லைட்டைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத்தான் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகிறார். நீ கொடுத்த போனை நான் தலைமாட்டில் வைத்துப் படுக்கிறேன். அது அடித்தால் நான்தான் ஓடிக் கத்த வேண்டும். மண் வருவதை நினைத்தால்கூட அவ்வளவு பயமில்லை, அக்கா. எல்லாரும் என்னைப் பார்ப்பார்களே என்பதுதான் பயம்.

உன் அன்புத் தங்கை,
லோஜினி


இங்கிலாந்து
27.03.2026

என் செல்ல லோஜிக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் அழுதுவிட்டேன். பத்தாம் வகுப்போடு நின்றவள் எழுதியது என்று யாரும் நம்ப மாட்டார்கள். நீ நின்றதால்தான் நான் படித்தேன் என்பதை நான் ஒருநாளும் மறக்கவில்லை.

பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று நீ கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். உள்ளே ஒரு லேசர் இருக்கிறது. அது செக்கனுக்கு ஆயிரம் தடவை ஒளியை அந்த வயருக்குள் அனுப்புகிறது. வயர் என்பது பெயருக்குத்தான். அதற்குள் இருப்பது தலைமுடி அளவு கண்ணாடி இழை. போகிற ஒளியில் கொஞ்சம் வழியெல்லாம் சிதறித் திரும்பி வரும். மண் அசைந்து இழை இழுபட்டால் திரும்பி வரும் ஒளி மாறும். எத்தனையாவது மீற்றரில் இழுபட்டது என்றுகூடச் சொல்லிவிடலாம். நம் வீட்டுக்குப் பின்னால் நூற்றுத் தொண்ணூறு. பாலம்மா பெரியம்மாவின் வாழைக்குப் பக்கத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு. நானே அளந்து புதைத்தேன். பெரியம்மா அன்றைக்குத் தேங்காய்ச் சம்பலும் ரொட்டியும் கொடுத்தது நினைவிருக்கிறதா?

போனை சார்ஜ் போட மறக்காதே. நேரம் வந்தால் வெட்கப்படாமல் கத்து.

முத்தங்களுடன்,
அக்கா சிந்து


மேல் லயம்,
ஹுன்னஸ்கிரிய.
21.04.2026

அன்புள்ள அக்காவுக்கு,

வருசப் பிறப்புக்குப் பால் பொங்கிற்று. உன் பங்கையும் நானே சாப்பிட்டேன்.

ஒரு விசயம் கேட்க வேண்டும். பதினாறாம் தேதி காலையில் எங்கள் குசினிக் கதவு நிலையில் இறுகிவிட்டது. அப்பா தோளால் இடித்துத் திறந்து, கதவைக் கழற்றி இழைப்புளி போட்டார். அதைப் பார்த்துவிட்டுப் பெரியம்மாவும் தன் கதவைத் தூக்கிக்கொண்டு வந்தார். சாயங்காலத்துக்குள் ஐந்து வீட்டுக் கதவுகள் வாசலில் வரிசையாகக் கிடந்தன. "வேலை விட்டாலும் பொழச்சிக்குவேன், ஆசாரியாப் போயிருவேன்" என்று அப்பா சிரித்தார். எல்லாரும் ஒரே பக்கத்தைத்தான் இழைத்தார்கள், அக்கா. மேல் மூலையை.

மலையிலிருந்து விழும் பீலித் தண்ணீரும் இரண்டு நாளாகச் செம்மண் நிறத்தில் வருகிறது. மெதுவாக அப்பாவிடம் சொன்னேன். "அசைஞ்சிருந்தா ஒங்கக்கா போன் அடிச்சிருக்க மாட்டாளா?" என்றார்.

போன் அடிக்கவில்லை. சிக்னல் இருக்கிறதா என்று மணிக்கு ஒரு தடவை பார்க்கிறேன். நான்கு கோடும் இருக்கிறது. நீ பார்த்துக்கொண்டுதானே இருக்கிறாய்?

அன்புத் தங்கை,
லோஜினி


இங்கிலாந்து
14.05.2026

அன்பு லோஜிக்கு,

முதலில் நல்ல செய்தி. ஜூலையில் ஒரு பெரிய மாநாட்டில் பேச என்னை அழைத்திருக்கிறார்கள். போன கிழமைதான் ஏப்ரல் மாதப் பதிவுகளைத் திறந்தேன். பதினாறாம் தேதி விடியற்காலையில், இருநூற்றுப் பன்னிரண்டாவது மீற்றரைச் சுற்றி, அவ்வளவு தெளிவான ஒரு வளைவு! இழை நான்கு மில்லிமீற்றர் இழுபட்டிருக்கிறது. ஆய்வுகூடத்துக்கு வெளியே இப்படி ஒரு பதிவு கிடைப்பது அபூர்வம் என்று புரபெசர் கையைப் பிடித்துக் குலுக்கினார். நம் லயத்து மண் எனக்குப் பெயர் வாங்கித் தந்துவிட்டது.

கதவுகளைப் பற்றி எழுதியிருந்தாய். ஈரத்துக்கு மரம் ஊதத்தான் செய்யும். நான்கு மில்லிமீற்றர் பயப்படும் அளவு இல்லை என்கிறார் புரபெசர்.

இதை உனக்கு மட்டும் சொல்கிறேன். பெட்டி இப்போதைக்குப் பதிவு மட்டும்தான் செய்கிறது. உடனுக்குடன் யாரும் பார்ப்பதில்லை. நான் மாதம் ஒரு தடவை திறந்து பார்ப்பேன். அசைந்ததும் போன் அடிக்கும் ஏற்பாடு அடுத்த கட்டத்தில்தான் வரும். கூட்டத்தில் அப்படிச் சொன்னது, அதற்குள் வந்துவிடும் என்று நம்பியதால்தான். பச்சை லைட் என்றால் கரண்ட் இருக்கிறது, அவ்வளவுதான். யாரிடமும் சொல்லாதே. பயந்து போய் வயரைப் பிடுங்கிவிட்டால் மூன்று வருட உழைப்பு போய்விடும். நீ புரிந்துகொள்வாய் என்று தெரியும்.

அன்புடன்,
சிந்து


ஹுன்னஸ்கிரிய,
பள்ளிக்கூட முகாம்.
12.06.2026

சிந்துஜா அக்காவுக்கு,

உன் கடிதம் ஜூன் முதலாம் தேதி வந்தது. வேலைக்குப் பேர் பதியும் பிரட்டுக்களத்தில் தபால்காரர் கொடுத்தார். நின்றபடியே வாசித்தேன். பதினாறாம் தேதி என்ற இடத்துக்கு வந்ததும் அப்பாவின் இழைப்புளிச் சத்தம் காதில் கேட்டது.

அன்று பின்னேரம் கொழுந்து நிறுக்க எல்லாரும் கூடியிருந்தபோது கல் மேல் ஏறி நின்றேன். உன் கடிதத்தை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை சத்தமாக வாசித்தேன். "யாரிடமும் சொல்லாதே" என்றதையும் வாசித்தேன். யாரும் சிரிக்கவில்லை. அப்பா மட்டும் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். இருட்டுவதற்குள் பதினான்கு குடும்பங்களும் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டோம்.

நான்கு நாள் மழை இல்லை. ஆறாம் தேதி மத்தியானம் பெரியம்மா கோழிகளைப் பார்த்து வருவதாகக் கிளம்பினார். போக வேண்டாம் என்றேன். "பெட்டியில பச்ச லைட்டு எரியுதுடி. சிந்து வச்சிட்டுப் போன பெட்டி. அது பொய் சொல்லுமா?" என்றார். நீயே எழுதியிருக்கிறாயே, அது வெறும் கரண்ட் லைட் என்று சொன்னேன். "போடி, ஒனக்கு அதெல்லாம் வெளங்காது" என்று என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார். அம்மா போன பிறகு நம் இரண்டு பேருக்கும் சோறு போட்ட கை.

அவர் வளைவில் திரும்பும்வரை பார்த்துக்கொண்டே நின்றேன். கத்திக் கூப்பிட்டிருக்கலாம். மைதானம் முழுக்க ஆட்கள். ஒரு தடவைக்கு மேல் எனக்கு வாய் வரவில்லை. இதை நான் சாகும்வரை வைத்துக்கொள்வேன். உன் தலையில் போட மாட்டேன்.

மூன்று மணிக்கு மண் வந்தது. மேல் லயம் இல்லை. பெரியம்மாவை மறுநாள்தான் எடுத்தார்கள்.

எடுத்து வந்து பள்ளிக்கூட வாசலில் கிடத்தியிருந்தபோது என் மடியில் இருந்த அந்தப் போன் அடித்தது. நான்கு மாதத்தில் முதல் தடவை. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். எல்லாரும் பத்திரமா என்று கேட்டாய். அடுத்து, "பெட்டி?" என்று கேட்டாய்.

பெட்டி நன்றாக இருக்கிறது. பிள்ளைக் காம்பராப் பக்கம் மண் வரவில்லை. கரண்ட் நின்றதால் பச்சை லைட் மட்டும் எரியவில்லை. கரண்ட் நிற்கும்வரை நடந்ததெல்லாம் அதில் பதிவாகியிருக்கும். முந்தையதைவிடத் தெளிவான வளைவாக இருக்கும்.

மாநாட்டில் அதைக் காட்டுவாய். காட்டு. ஆனால் இருநூற்றுப் பன்னிரண்டாவது மீற்றர் என்று எழுதும் இடத்தில் பாலம்மா என்று எழுது.

இந்தக் கடிதத்தோடு போனை வைத்து அனுப்புகிறேன். சார்ஜ் முழுதாக இருக்கிறது. எனக்கு இனி எழுத வேண்டாம். அப்பாவுக்கு எழுது. ஆனால் அவருக்கு வாசித்துக் காட்ட வேறு ஆள் பார்த்துக்கொள்.

லோஜினி