அறுந்து போகாத கயிறு

அன்புள்ள மகனுக்கு,

வத்தேகமயில் உன் அக்கா வீட்டுச் சமையல் நன்றாயிருக்கும், நீ இளைத்திருக்க மாட்டாய். இடது கண் கட்டை அவிழ்த்தார்களா? பார்வை தெரிகிறதா?

புது கேம் மெஷின் வந்த அன்று எவ்வளவு திட்டினாய்! "ராத்திரி பகலா ஆடுற எங்கள கம்பெனிக்காரன் கைவிட்டுட்டாம்பா. ஒன்னுமே தெரியாதவங்க சும்மா கைய வீசினா ஜெயிக்கிற மாதிரி செஞ்சிருக்கான்" என்றாய். எட்டாம் ஆண்டோடு படிப்பை நிறுத்திய எனக்காகவும் ஒரு கம்பெனி யோசித்திருக்கிறதே என்று எனக்கோ பெருமை. தெல்தோட்டையில் பதினெட்டு வருஷம் தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டிய கையல்லவா? ரிமோட்டைப் பிடித்துக் கையை வீசியே குத்துச்சண்டை கேமில் உன்னை மூன்று முறை விழுத்தினேன். அம்மா கைதட்டிவிட்டுத் தேத்தண்ணி போடப் போனாள்.

நீ சிரித்தாய். "இது கேமே இல்லப்பா. ஒங்கள மாதிரி மக்குகளுக்குச் செஞ்ச பொம்மை."

ரிமோட் கைநழுவிப் பறந்துவிட்டது என்று டாக்டரிடம் சொன்னேன். முகமெல்லாம் ரத்தத்தோடு நீயும் தலையாட்டினாய்.

நேற்று அந்த ரிமோட்டைத் துடைத்தேன். நழுவாமலிருக்க மணிக்கட்டில் மாட்டும் கயிறு முழுசாக இருக்கிறது. அன்று அதை என் கையில் இறுக்கி மாட்டிவிட்டவன் நீதான். அது மாட்டியிருக்க, ரிமோட் எப்படிப் பறக்கும்?

முதல் அடியில் நீ விழுந்தாய். விழுந்த பிறகும் இரண்டு முறை அடித்தேன். எலும்பில் பட்ட சத்தம் இன்னும் கேட்கிறது.

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவள் என்னோடு பேசுவதில்லை. கயிற்றை இந்தக் கடித உறைக்குள் வைத்திருக்கிறேன். டாக்டரிடமோ பொலிஸிலோ காட்டு. எனக்காக நீ இனிப் பொய் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
மூன்று முறை ஜெயித்த மக்கு அப்பா