ஆடிய நாற்காலி

அம்மாவுக்கு வணக்கம். என் வேலை இதுவரை போகவில்லை. நேற்று மாலை மேற்பார்வையாளரே சொன்னார். வேறு யாராவது சொல்லி நீங்கள் பதறுவதற்குள் நானே எழுதுகிறேன். முழங்கால் வீக்கம் வடிந்ததா?

அருங்காட்சியகத்தில், மறைந்த ஓவியர் ஒருவரின் வாழ்நாள் படைப்புகளையெல்லாம் கண்காட்சியாக வைக்கப்போகிறார்கள். அதற்கு மேடைகள் செய்வதுதான் இப்போது என் தச்சு வேலை. திங்கட்கிழமை சாப்பிட உட்கார்ந்தபோது, பெட்டிகளுக்கு நடுவே இருந்த பழைய நாற்காலி ஆடியது. கை சும்மா இருக்குமா? மூன்று கால்களை இழைத்து, குட்டையான நான்காவதற்குச் சமமாக்கிவிட்டேன்.

“யாருப்பா உன்னைச் சரி பண்ணச் சொன்னது?” என்றார் மேற்பார்வையாளர்.

“ஆடுச்சு சார்.”

“ஆடத்தானய்யா வெச்சிருந்தோம்!”

ஓவியர் சிறு வயதில் உட்கார்ந்து வரைந்த நாற்காலியாம். அவருடைய சாய்ந்த வீடுகளும் சாய்ந்த மனிதர்களும் அந்த ஆட்டத்தில் பிறந்தவையாம். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். இழைத்த மரம் திரும்ப வளராது, அம்மா.

அடுத்த கடிதத்தைத் தம்பியை எழுதச் சொல்லாமல் நீங்களே எழுதுங்கள். பிழை இருந்தால் இருக்கட்டும். அன்றைக்கு என்ன சமைத்தீர்கள் என்று எழுதினாலே போதும்.

வேலைக்குப் போகும் வண்டி வந்துவிட்டது. ஓவியரின் மகள் வியாழக்கிழமை வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பாராம். நான் இங்கே இருப்பதா, ஊர் திரும்புவதா என்பதை அதன் பிறகுதான் சொல்வார்கள்.