வெள்ளிக்கிழமை கொல்லப்படவிருக்கும் எலிக்குட்டிகள் குறித்து

அனுப்புநர்
ஆய்வு மாணவி (கூடத்தில் எல்லோருக்கும் ‘எலியம்மா’),
இனப்பெருக்க உயிரியல் துறை.

பெறுநர்
இயக்குநர் அவர்கள்,
ஆராய்ச்சி நிறுவனம்.

பொருள்: என் மீதான மோசடிக் குற்றச்சாட்டு – உண்மையைக் காட்டக்கூடிய எலிக்குட்டிகளைக் கொல்லும் உத்தரவை நிறுத்தக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பெண் எலிக்குட்டியின் கருப்பை வளரும்போது, ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனை இனங்கண்டு பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் அதில் எங்கே, எப்போது தோன்றுகின்றன என்பதே என் ஆய்வு. கருப்பையின் உட்சுவரில் அவை தோன்றக் குட்டி பிறந்து சில நாள் ஆகும். ஹார்மோன் கொடுத்தால் முன்கூட்டியே வந்துவிடும். ஒப்பிட்டுப் பார்க்க, ஹார்மோன் கொடுக்காத குட்டிகளையும் தனியே வைத்திருந்தேன்.

2. ஏற்பி இருக்கும் இடத்தில் மட்டுமே பிடிக்கும் சாயம், அந்தக் குட்டிகளின் உட்சுவரிலும் நாளாகும் முன்பே ஏறியிருந்தது. கண்டதைக் கண்டபடி வழிகாட்டிப் பேராசிரியரிடம் காட்டினேன். “அதை விட்டுத் தள்ளும்மா, நல்லா வந்ததை மட்டும் போடு” என்றார். மறுத்தேன். அடுத்த வாரமே, நான் ஸ்லைடுகளை மாற்றி வைத்து மோசடி செய்ததாக அவரே தங்களுக்குப் புகார் எழுதினார். மோசடி செய்கிறவள் தனக்குப் பாதகமாகவா செய்வாள்? விசாரணைக் குழுவில் ஒருவருக்குக்கூட இது தோன்றவில்லை.

3. காரணம் தீவனம். விலங்குக் கூடப் பொறுப்பாளர் இரக்க மனசுக்காரர். பால் கொடுக்கும் தாய் எலிகள் மெலிந்ததைப் பார்த்து, வழக்கமான தீவனத்தோடு சோயா மாவையும் உருட்டிப் போட்டிருக்கிறார். நான் கேட்டதும் மறைக்கவில்லை. “பால் குடுக்குற உசுரும்மா, எலும்பும் தோலுமா இருந்துச்சு. சத்தா இருக்கட்டும்னு போட்டேன், தப்பா?” என்றார். தப்புதான். சோயாவில் ஈஸ்ட்ரோஜன் போலவே நடந்துகொள்ளும் பொருள் இருக்கிறது. பால் வழியே குட்டிக்குப் போயிருக்கும் என்று சந்தேகிக்கிறேன். ஆனாலும் அவர் மீது எனக்குக் கோபமில்லை. இதைச் சொல்ல வந்தவரை, “எலிக்குச் சமைச்சுப் போட்ட கதையெல்லாம் குழுவுக்கு வேண்டாம்” என்று வாசலோடு திருப்பி அனுப்பிய பேராசிரியர் மீதுதான் கோபம். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

4. சந்தேகத்தைத் தீர்க்க, ஒன்றாகக் குட்டி போட்ட தாய்களைப் பிரித்து, பாதிக்குச் சோயாவும் பாதிக்குப் பழைய தீவனமும் கொடுத்து வருகிறேன். குட்டிகளுக்கு இன்னும் கண் திறக்கவில்லை. அடுத்த புதன்கிழமைதான் பரிசோதிக்கும் வயது வரும். நேற்று வந்த உத்தரவோ, இந்த வெள்ளிக்கிழமைக்குள் எல்லாவற்றையும் நானே கொன்று, கூண்டுகளைக் கழுவி ஒப்படைக்கச் சொல்கிறது. இந்த அவசரம் யாருக்கு? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் வேலைக்குத் தாங்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள் என்பதைப் பணிவோடு, ஆனால் கோபத்தோடு சொல்லிக்கொள்கிறேன்.

5. “ஊர்ப்பட்ட எலிக்கெல்லாம் பிரசவம் பாத்தியே, கடைசியில உன்னையே திருடின்னு சொல்லிட்டாங்களா” என்று கேட்ட அம்மா அதன்பின் சரியாகச் சாப்பிடவில்லை. பட்டம் போனால் போகட்டும். இந்தப் பெயரோடு இனி எந்த ஆய்வகத்தின் கதவைத் தட்டுவேன்?

6. ஆகவே, உத்தரவை அடுத்த வாரம்வரை நிறுத்துங்கள். எது எந்தக் கூண்டு என்று அறியாத வெளியாள் ஒருவர் ஸ்லைடுகளைப் பார்த்துச் சொல்லட்டும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தால், என் விளக்கம் தவறென்று எழுதிக் கொடுத்துவிட்டு நானே வெளியேறுகிறேன்.

இந்தக் கையால் எத்தனையோ எலிகளைக் கொன்றிருக்கிறேன் ஐயா. ஒவ்வொன்றையும் ஏதோ ஒன்றைத் தெரிந்துகொள்ளத்தான் கொன்றேன். எதுவும் தெரியாமல் போகட்டும் என்று கொல்ல எனக்குக் கை வராது. வெள்ளிக்கிழமை வேறு ஆளை அனுப்புங்கள். நான் கூண்டுகளுக்கு முன்னால் நிற்பேன்.

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
ஆய்வு மாணவி

இடம்: விலங்குக் கூடம், தரைத்தளம்
நாள்: புதன்கிழமை