மாமா மடி

கோல் மார்க்கெட்
2.2.1999

சௌபாக்கியவதி காமாக்ஷிக்கு,

உன் அண்ணா கஸ்தூரிரங்கன் மனம் நிறைய ஆசீர்வதித்து எழுதுவது. போனில் நான் கத்துகிறேன், நீ வைத்துவிடுகிறாய். அதனால் இந்தக் கார்டு.

ஜ்யோத்ஸ்னாவுக்கு இது பதினோராவது மாதம். விட்டால் இரட்டைப்படை வந்துவிடும். அப்புறம் மூன்று வயதுக்குத்தான் காது குத்தலாம். பத்தரிடம் சொல்லிவைத்திருக்கிறேன். என் பேரன் அனிருத்துக்குக் குத்தியவர்தான். நீ டாக்டரிடம் போகப்போவதாக உன் மன்னி சொன்னாள். வாத்தியார் வேலை பார்த்துக் கிழவனானவன் ஓர் உதாரணம் சொல்கிறேன், கேள். எம்.ஏ. படித்தவனும் சாக்பீஸ் பிடித்துப் பழகாவிட்டால் கரும்பலகையில் வரி மலையேறும். காய்ச்சலுக்கு மருந்து கொடுக்கிறவருக்குக் காது குத்தக் கை வருமா?

தோடு என் சீர். உட்காரவேண்டியது என் மடி.

உன் அண்ணா
கஸ்தூரிரங்கன்

ஆர்.கே.புரம்
6.2.1999

அன்புள்ள அண்ணாவுக்கு நமஸ்காரம்.

முதலில், கார்டில் எழுதாதீர்கள். கீழ்வீட்டு ருக்கு மாமி படித்துவிட்டு, பால் பூத்தில் நாலு பேர் நடுவில், “என்னடி, பத்தரா டாக்டரா? ஜல்தி சொல்லு, பட்சணத்துக்கு எண்ணெய் வாங்கணுமோல்லியோ” என்கிறாள்.

அனிருத்தின் காது சீழ் வைத்து அப்பம் மாதிரி வீங்கியபோது திருஷ்டி என்றீர்கள். பத்தர் ஊசியை வேஷ்டியில் துடைத்ததை நான் பார்த்தேன்.

ஜோ எடை குறைவாகப் பிறந்தவள். ரத்தத்தில் தொற்றுகிற மஞ்சள் காமாலைக்கான ஹெபடைடிஸ் ஊசியைத் தள்ளித் தள்ளிப் போட்டு, கடைசி ஊசி ஏப்ரலில்தான். அதுவரை காது பக்கமே போகாதீர்கள் என்கிறார் டாக்டர். பார்லரில் துப்பாக்கியால் அடிக்கிறார்களே, அதையும் வேண்டாம் என்றார். அதைச் சரியாகச் சுத்தம் செய்ய முடியாதாம். என் கண்ணெதிரே உறை பிரித்த புது ஊசி, ஒரு குழந்தைக்கு ஒன்று. நான் கேட்பது அவ்வளவுதான்.

உங்கள் மடியை யாரும் பிடுங்கவில்லை அண்ணா. கிளினிக் நாற்காலியில் உட்கார்ந்தாலும் அது மாமா மடிதான்.

உங்கள் தங்கை
காமாக்ஷி

கோல் மார்க்கெட்
10.2.1999

காமாக்ஷிக்கு ஆசீர்வாதம்.

கவரில் போட்டிருக்கிறேன். ருக்கு மாமிக்கு ஏமாற்றம்தான்.

நாற்காலியில் உட்கார்ந்து டெட்டால் வாசனைக்கு நடுவே குழந்தையை ஆசீர்வதிக்க வேண்டுமாக்கும். நம் அம்மா போனபோது நீ இரண்டாம் வகுப்பு. உனக்குச் சடை பின்னி, பேன் பார்த்து, பஸ் ஏற்றிவிட்டவன் நான். இன்று என் வீட்டுக் காற்றே உனக்கு அழுக்கு.

போகட்டும். ஏப்ரல் என்றால் ஏப்ரல். உன் பெண், உன் டாக்டர். இந்தச் சனிக்கிழமையும் பட்ஜெட் வேலை என்று சொன்னாயாமே. வழக்கம்போல் குழந்தையை மன்னியிடம் விட்டுப் போ. அதற்காவது நாங்கள் சுத்தம்தானே?

கஸ்தூரிரங்கன்

ஆர்.கே.புரம்
14.2.1999

அண்ணாவுக்கு,

நேற்று சாயங்காலம் குழந்தையைக் கையில் கொடுத்தபோது கம்பளிக் குல்லாவைக் காதுக்குக் கீழே இழுத்துக் கட்டியிருந்தீர்கள். “ஸ்கூட்டர்ல காத்து அடிக்கும், ஆத்துக்குப் போய்க் கழட்டு” என்றீர்கள். மன்னி என் முகத்தையே பார்க்கவில்லை. குளிர்தான் காரணம் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டில் குல்லாவை அவிழ்த்தால் இரண்டு காதிலும் தங்கக் கம்பி. சுற்றிலும் காய்ந்த ரத்தம்.

ஏப்ரல் என்று எழுதியது உங்கள் கைதானே?

எனக்கு ஒன்றே ஒன்று தெரியவேண்டும். அது புது ஊசியா? டாக்டர் கேட்கிறார். பதிலை மட்டும் எழுதுங்கள். உதாரணம் வேண்டாம்.

காமாக்ஷி

கோல் மார்க்கெட்
17.2.1999

காமாக்ஷிக்கு,

கொலைகாரனை விசாரிப்பது போல் எழுதியிருக்கிறாய். மாதம் தவறக்கூடாது என்று செய்தேன். என் மடியில்தான் உட்கார்ந்தாள். அழுதாள், வெல்லம் கொடுத்ததும் நிறுத்திவிட்டாள்.

ஊசி பத்தருடையது. ஆனால் வேஷ்டியில் துடைக்க விடவில்லை. நானே அடுப்பில் வைத்து, தண்ணீர் பாதியாக வற்றும்வரை கொதிக்கவிட்டேன். ராஜம் மன்னி சாட்சி.

இன்னொன்றும் சொல்கிறேன், உன் மனம் ஆறும். நம் குழந்தைக்கு எடுத்தவுடன் குத்த விட்டுவிடுவேனா? எதிர்வீட்டு சர்மாஜியின் பேத்திக்கும் குத்தவேண்டும் என்றார்கள். வரச்சொல்லி, முதலில் அவளுக்குக் குத்த வைத்தேன். ஊசி சுலபமாக இறங்குகிறதா, பத்தர் கை நடுங்குகிறதா என்று பார்த்துக்கொண்டு, பிறகுதான் அதே ஊசியை ஜோவின் காதுக்கு விட்டேன். உதாரணம் வேண்டாம் என்றாய், ஒன்றே ஒன்று. புதுப் பேனாவை ரஃப் நோட்டில் கிறுக்கிப் பார்த்துவிட்டுத்தானே பரீட்சைத் தாளில் எழுதுவோம்?

உன் டாக்டர் இத்தனை கவனமாக இருந்திருப்பாரா? துளைகளைப் பார். அளவெடுத்த மாதிரி.

உன் அண்ணா
கஸ்தூரிரங்கன்

ஆர்.கே.புரம்
28.3.1999

திரு. கஸ்தூரிரங்கன் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்றே ஜோவைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடினோம். ஏப்ரல் ஊசியை அப்போதே போட்டுவிட்டார். பிறகு சர்மாஜி வீட்டுக்குப் போனேன். உங்கள் வாசலைத் தாண்டித்தான் போனேன். அவர்கள் பேத்திக்கு ரத்தப் பரிசோதனை செய்யவேண்டும் என்றேன். “ஏன், பெஹன்ஜி?” என்று கேட்டாள் அவள் அம்மா. ரஃப் நோட்டு என்பதை அவளுக்கு நான் இந்தியில் எப்படிச் சொல்வது? ஊசி சுத்தமில்லை என்று மட்டும் சொன்னேன். என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

அந்தக் குழந்தைக்கு ஒன்றும் இல்லை என்று ரிப்போர்ட் வந்துவிட்டது. அது வரும்வரை இந்த வீட்டில் யார் சாப்பிட்டார்கள், யார் தூங்கினார்கள் என்று எனக்கு நினைவில்லை. ஜோவுக்கும் பயம் இல்லை, எதற்கும் இன்னொரு தடவை பார்த்துவிடலாம் என்கிறார் டாக்டர்.

காது ஆறிவிட்டது. சீழ் இல்லை. துளை இரண்டும் அளவெடுத்த மாதிரிதான் இருந்தன. அதை மறுக்கமாட்டேன்.

டாக்டரைக் கேட்டுக்கொண்டு கம்பியைக் கழற்றிவிட்டேன். பச்சைக் காது, சீக்கிரம் தூர்ந்துவிட்டது. இப்போது தடவிப் பார்த்தால் கடுகு மாதிரி ஒரு முடிச்சு, அவ்வளவுதான். கம்பியையும், பின்னால் நீங்கள் சீராக அனுப்பிய தோட்டையும் ஜோவின் அப்பாவிடம் கொடுத்தனுப்புகிறேன். வாங்கிக்கொள்ளுங்கள், அவரை உட்காரச் சொல்லவேண்டாம். சனிக்கிழமைகளுக்கு வேறு ஆள் வைத்துவிட்டேன்.

பெரியவளாகி, தோடு வேண்டும் என்று அவளே கேட்டால் அழைத்துப் போவேன். ஊசியின் உறையை அவளையே பிரிக்கச் சொல்வேன். அப்போது அவளுக்கு யார் மடியிலும் உட்காருகிற வயசாக இருக்காது.

காமாக்ஷி லட்சுமணன்