கல்யாண வீடியோக்காரர் எடுத்த கணக்குப் பாடம்

9 ஆகஸ்ட் 2004, திங்கள்

புரொஜெக்டர் இன்றும் கழுத்தை அறுத்துவிட்டது. பல்பு சூடாகி அணைந்தது. மறுபடி எரிவதற்குள் பெல் அடித்துவிட்டது. கரும்பலகை இப்படியெல்லாம் படுத்துவதில்லை.

சாயங்காலம் தாளாளர் நாகப்பன் கூப்பிட்டுவிட்டார். ஒரகடம் பக்கம் மனை விற்ற காசில் இந்தக் கல்லூரியைக் கட்டியவர். “நம்ம பசங்கள்ல பாதிப் பேரு கம்பெனில வேலை பாக்கறவங்க. நைட் ஷிஃப்ட் வாரம் வந்தா கிளாஸுக்கு மட்டம். உங்க கணக்குப் பாடத்தை சி.டி. போட்டுக் கொடுத்துட்டா ரூம்லயே பாத்துப்பாங்க இல்லம்மா?”

யோசனை நல்லதுதான். அவர் வாயிலிருந்து வந்தது என்பதுதான் பயமாக இருக்கிறது.

18 ஆகஸ்ட், புதன்

பாடம் பிடிக்க வந்தவர் படப்பை ஸ்டுடியோ அன்பு. கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு எடுத்த கை. கேமரா என் முகத்தையே சுற்றுகிறது. போர்டை எடுங்க என்றால், “போர்டு எங்க மேடம் ஓடிடப் போவுது? நீங்க கொஞ்சம் சிரிச்சீங்கன்னா நல்லா வரும்” என்கிறார். கணக்குப் போடும்போது நான் எதற்குச் சிரிக்க வேண்டும்?

இன்று பகுதித் தொகையிடல். வகுப்பு தூங்குகிறதா என்று பார்க்க, அந்தச் சூத்திரத்தில் மைனஸ் வர வேண்டிய இடத்தில் வேண்டுமென்றே ப்ளஸ் போட்டுவிட்டுத் திரும்பி நிற்பது என் வழக்கம். “மைனஸ், மேடம்!” என்று மொத்த வகுப்பும் கத்தும். கைப்பழக்கம் — இன்றும் ப்ளஸ் போட்டுவிட்டுத் திரும்பினேன். எதிரே காலி பெஞ்சுகள். நின்றேன், நின்றுகொண்டே இருந்தேன். அப்புறம் “ஒருத்தருக்குமா தெரியல?” என்று பெஞ்சுகளைத் திட்டிவிட்டு நானே திருத்தினேன். லூசு மாதிரி இருந்தது.

6 செப்டம்பர், திங்கள்

சி.டி. வந்துவிட்டது. ஆரம்பத்திலேயே இதய வடிவத்துக்குள் என் முகம், சுற்றிலும் ரோஜா. வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். அவமானம் தாங்காமல் அங்கேயே நிறுத்திவிட்டேன். நூறு காப்பி ஏற்கெனவே கொடுத்தாயிற்றாம்.

3 நவம்பர், புதன்

மாடல் தேர்வுத் தாள்கள். நைட் ஷிஃப்ட் பிள்ளைகள் முப்பத்தொரு பேர், முப்பத்தொரு தாளிலும் அதே இடத்தில் ப்ளஸ். ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியிருக்கிறார்கள் என்று பற்றிக்கொண்டு வந்தது. மாரிசெல்வத்தைக் கூப்பிட்டேன். கோவில்பட்டிப் பையன், கார் பார்ட்ஸ் கம்பெனியில் வேலை, பிள்ளைப்பாக்கத்தில் ஏழு பேரோடு ஒரே அறை.

“காப்பி அடிச்சீங்களா?”

அவன் முகம் சுண்டிப்போனது. “என்ன மேடம் இப்பிடிக் கேக்கிய? நீங்கதான ப்ளஸ் போட்டிய? சி.டி.ல அப்பிடித்தான கெடக்கு. வேலை விட்டு வந்து தூங்காமப் பாத்தோம் மேடம்.”

கம்ப்யூட்டர் லேபில் சி.டி.யைப் போட்டுப் பார்த்தேன். ப்ளஸ் போடுகிறேன். திரும்புகிறேன். திரை முழுக்கப் பூமழை. அடுத்த கணக்கு! நின்றது, திட்டியது, திருத்தியது ஒன்றுமே இல்லை.

அன்புக்குப் போன் செய்தேன். “இன்னா மேடம், சும்மா நின்னுகினு இருந்தீங்க, அப்பால யாரையோ திட்னீங்க. கல்யாண கேசட்ல சண்டை வந்தா வெட்டிடுவோம் மேடம். அதான் உங்களுக்கும் வெட்டிட்டேன்.”

அடப்பாவி! எனக்கு உதவி செய்திருக்கிறாராம். முழுசாகப் பார்க்காமல் விட்ட நான் மட்டும் என்ன ஒழுங்கு?

4 நவம்பர், வியாழன்

அந்தச் சூத்திரத்தை வைத்துப் போட்ட கணக்கெல்லாம் தப்பு; மார்க் போட்டால் எல்லோரும் ஃபெயில். மாடலில் ஃபெயில் என்றால் ஹால் டிக்கெட் கிடையாது. இது தாளாளர் போட்ட சட்டம். படிப்புக்காக ஷிஃப்ட் மாற்றிக் கொடுக்கும் கம்பெனி, பரீட்சையே எழுதாதவனுக்கு அந்தச் சலுகையைத் தருமா? முப்பத்தொரு பேரும் படிப்பை விட்டுப் போவார்கள். என் ஒரு ப்ளஸ்ஸால்.

சி.டி.யைத் திரும்ப வாங்குங்கள், மறு தேர்வு வையுங்கள் என்றேன்.

“மைனஸ்னா இன்னாம்மா, ஒரு கோடு. ஒரு கோட்டுக்காக நூறு சி.டி.யைக் குப்பைல போடச் சொல்றீங்களா?”

ஒரு கோடாம்! இவர் மனை வரைபடத்தில் யாராவது ஒரு கோட்டைத் தள்ளிப் போடட்டும், அப்போது தெரியும்.

அந்தத் தாள்களுக்கு மார்க் போட மாட்டேன் என்றேன். கடைசியில் இறங்கி வந்தார். மறு தேர்வு உண்டு. ஆனால் சி.டி. தப்பு என்று வெளியே மூச்சு விடக் கூடாது. “அடுத்த வருஷம் சி.டி.தான் கிளாஸு. நீங்க பட்டன் அமுக்கினா போதும். நடுவுல பேசற வேலை வேணாம். சம்பளமும் அதுக்கேத்த மாதிரிதான் வரும், இப்பவே சொல்லிட்டேன்.”

சரி என்று சொல்லிவிட்டேன். என்ன புத்தி எனக்கு? எம்.ஃபில். படிச்சது பட்டன் அமுக்கவா? வேற வழி இருந்தா யாராவது சொல்லுங்களேன்!

7 நவம்பர், ஞாயிறு

பிள்ளைப்பாக்கத்தில் மாரிசெல்வத்தின் அறைக்குப் போனேன். லுங்கிகளைக் கொடியிலிருந்து உருவிவிட்டு இடம் பண்ணிக் கொடுத்தார்கள். பக்கத்து அறைகளிலிருந்தும் வந்து வாசல் வரை நெருக்கி உட்கார்ந்தார்கள். பழைய காலண்டரின் பின்பக்கம் எழுதி நடத்தினேன். தொண்டை போய்விட்டது.

19 நவம்பர், வெள்ளி

மறு தேர்வில் முப்பத்தொரு பேரும் பாஸ். ஹால் டிக்கெட் கையெழுத்தாகிவிட்டது.

10 ஆகஸ்ட் 2005, புதன்

புது பேட்ச். ஒரு மாதமாகப் பட்டன் அமுக்குகிறேன். திரையில் நான் பேச, ஓரத்தில் நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ரோஜா வரும்போதெல்லாம் பெண்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

இன்று அந்த இடம் வந்தது. ப்ளஸ் போட்டாள் திரையில் இருப்பவள். எல்லோரும் குனிந்து எழுதினார்கள். ஒரு வாய் கூடக் கத்தவில்லை. எப்படிக் கத்துவார்கள்? சி.டி.யோடு யார் சண்டை போடுவார்கள்?

நிறுத்தினேன். எழுந்து போய்க் கரும்பலகையில் மைனஸ் போட்டேன். “அவங்க போட்டது தப்பு” என்றேன்.

வகுப்பு முழித்தது. முதல் பெஞ்ச் சந்தனமாரி திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “மேடம், அப்ப எந்த மேடம் சொல்றத எழுதறது?”

“ரெண்டு பேரையும் நம்பாத. விடையை வகையிட்டுப் பாரு. பழைய கணக்கு திரும்பி வருதான்னு நீயே பாரு.”

பேனாக்கள் ஓட ஆரம்பித்தன. கொஞ்ச நேரத்தில் பின் பெஞ்சிலிருந்து ஒருவன், “மேடம், ப்ளஸ் போட்டா வரல!” என்று கத்தினான். வராண்டாவில் தாளாளர் வந்து நின்றார். உள்ளே வரட்டும் என்று நான் பேசிக்கொண்டே இருந்தேன்.