மூன்றே முக்காலுக்குப் புறப்பட்ட வண்டி

கிர்க்ஷா
அக்டோபர் 19, ஞாயிறு

அன்பு மகள் கர்ஸ்டிக்கு,

இங்கே நானும் அம்மாவும் உன் தங்கை மெய்ஸியும் நலம், நாய்க்கு மட்டும் காதில் ஏதோ கோளாறு, ஆனால் பிஸ்கட் டப்பா திறக்கும் சத்தம் நன்றாகவே கேட்கிறது. அங்கே நியூசிலாந்தில் நீயும் உன் அறுநூறு மாடுகளும் சுகம்தானே, கன்று போடும் பருவம் முடிந்து இப்போதாவது தூங்குகிறாய் என்று நம்பி எழுதுகிறேன். போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் வீடியோவில் பேசினால் உன் அம்மாவின் நெற்றிதான் முக்கால்வாசித் திரையை அடைக்கிறது, நடுவில் புகுந்து ஒரு கதையை முழுசாகச் சொல்ல முடிவதில்லை. இது முழுசாகச் சொல்ல வேண்டிய கதை. இந்தப் பொட்டலத்தில் உனக்குப் பிடித்த டாஃபி இருக்கிறது, அம்மா பின்னிய காலுறை இருக்கிறது (ஒன்று மற்றதைவிடப் பெரிசு, அதைப் பற்றி அவளிடம் கேட்காதே), அடியில் ஒரு துணிப்பையும் இருக்கிறது. பையைக் கடைசியில் திற. முதலில் கடிதத்தைப் படி.

கார்ஸைட் இன்னும் இருக்கிறார். நம்ம ஊர்ப் பள்ளியில் இன்னும் அவர்தான் மேல்வகுப்புகளுக்குப் பொறுப்பு. உனக்கு நான் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை, ஆனாலும் எனக்காகவே எழுதுகிறேன், ஒன்பது வருடமாக இதை யாரிடமும் ஒழுங்காகச் சொன்னதில்லை. கால்நடை மருத்துவத்துக்கு அக்டோபர் பதினைந்து மாலை ஆறு மணிக்குள் விண்ணப்பம் போயாக வேண்டும், நீ செப்டம்பரிலேயே எழுதி முடித்துப் பள்ளிக்கு அனுப்பிவிட்டாய், அவர் தன் சிபாரிசைச் சேர்த்துப் பொத்தானை அமுக்க வேண்டியது மட்டும்தான் பாக்கி. அமுக்கவில்லை. பதினேழாம் தேதிதான் நமக்கே தெரிந்தது. நான் சாவுக்குக் கட்டும் டையைக் கட்டிக்கொண்டு அவர் அறைக்குப் போனேன். பெண்ணுக்கு ஏமாற்றம் வேண்டாமே என்றுதான் கொஞ்சம் யோசித்தாராம், பக்கத்துக் கல்லூரியில் பிராணிகள் பராமரிப்பு நல்ல படிப்பாம், குடும்பச் சூழ்நிலைக்கு அதுதான் பொருந்துமாம். வேறு வழி இல்லையா சார் என்று கேட்டேன். "கெடுன்னா கெடுதான், மிஸ்டர் லம்ப். யாருக்காகவும் நிக்காது" என்றார். அதற்கு உன் அப்பா, ஐம்பத்து மூன்று பேரை ஏற்றிக்கொண்டு பனியில் மலைப்பாதையில் கோச் ஓட்டுகிறவன், என்ன செய்தான் தெரியுமா? ரொம்ப நன்றி சார் என்று சொல்லிக் கையைக் குலுக்கிவிட்டு வந்தான். நீ அடுத்த வருடம் மறுபடி போடவே மாட்டேன் என்றாய், பால் பண்ணைக்குப் போனாய், அப்புறம் விமானம் ஏறினாய். அவர் செய்தது ஒரு பக்கம் இருக்கட்டும், அந்த நன்றிதான் என்னைத் தின்றது. பல் தேய்க்கும்போதெல்லாம் கண்ணாடியில் நன்றி சொல்கிற வாய் தெரியும்.

இப்போது மெய்ஸியின் முறை, அவளுக்கும் அதே படிப்புதான் வேண்டும். போன குளிர்காலம் முழுக்க ஞாயிறு காலையில் நான்தான் அவளை ஆட்டுப் பண்ணைக்கு அனுபவத்துக்குக் கொண்டுபோய் விட்டேன், திரும்பி வரும்போது காரில் ஜன்னலைத் திறந்தே வைக்க வேண்டும். தன்னைப் பற்றித் தானே எழுதும் கட்டுரையைப் பதினெட்டுத் தடவை திருத்தினாள், நான் ஒரு காற்புள்ளி சொன்னேன், அதையும் எடுத்துவிட்டாள். செப்டம்பர் கடைசியில் விண்ணப்பம் கார்ஸைட் கைக்குப் போனது. ஒரு வாரம் ஆயிற்று, நகரவில்லை. இந்தத் தடவை நான் டை கட்டவில்லை. அக்டோபர் ஆறாம் தேதி திங்கட்கிழமை காலை பிள்ளைகளை இறக்கிவிட்டு, பள்ளி வரவேற்பறையில் பிளாஸ்க்கோடு போய் உட்கார்ந்தேன். கார்ஸைட் போகும்போதும் வரும்போதும் ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டார், ஒன்றுமில்லை சார், மெய்ஸி லம்ப்போட சிபாரிசு போனதும் போய்விடுவேன் என்றேன். செவ்வாயும் உட்கார்ந்தேன். புதன்கிழமை அங்கே வேலை பார்க்கும் டோரீன் எனக்கு ஒரு மெத்தையே கொண்டுவந்து போட்டாள், ரெண்டு நாளாக உங்களைப் பார்க்க எனக்கே முதுகு வலிக்குது என்றாள். அன்றைக்கு கார்ஸைட் என் எதிரில் நின்று, கொஞ்சம் நெற்றியைச் சுருக்கி, "உங்களுக்கு மூத்தவ ஒருத்தி இருந்தாளே, கேரனா?" என்று கேட்டார்.

கேரன். பிளாஸ்க் மூடியைத் திருகிக்கொண்டே, ஆமாம் சார், அந்த மாதிரி ஏதோ பேர்தான் என்றேன். பொய் சொல்ல மாட்டேன் கண்ணு, இவரைச் சும்மா விடுவதில்லை என்று அந்த நிமிஷம்தான் முடிவு செய்தேன். பதினொன்று இருபதுக்கு, அடுத்த ஓட்டத்துக்குப் புறப்பட்ட நான் சாலை ஓரம் வண்டியை நிறுத்தி சாஸேஜ் ரோல் தின்றுகொண்டிருந்தபோது மெய்ஸி தன் திரையைப் படம் எடுத்து அனுப்பினாள், விண்ணப்பம் போய்ச் சேர்ந்துவிட்டது. இனி அவரால் அதைத் தொட முடியாது. ரோலின் மிச்சத்தை நிதானமாகத் தின்றேன். அன்று மாலை முதலாளி ட்ரெவர், சனிக்கிழமை கார்ஸைட் சாரையும் பள்ளிப் பிள்ளைகளையும் லிவர்பூலுக்குப் பல்கலைக்கழகம் பார்க்கக் கூட்டிப்போக யார் வருகிறீர்கள் என்று கேட்டு முடிக்கும் முன்பே என் கை மேலே இருந்தது. இருபது வருடத்தில் நான் ஒரு சனிக்கிழமைக்கும் கை தூக்கியதில்லை. உடம்புக்கு ஏதாவதா, டெஸ் என்று கேட்டார்.

என் திட்டம் ஒன்றும் பெரிதில்லை. அவர் இருக்கைக்கு மேலே குளிர்காற்றைத் திருப்பிவிடலாம், திரும்பும் வழியில் மைக்கில் எல்லார் முன்னாலும் ஒரு கேள்வி கேட்கலாம் என்று குளியல் தொட்டியில் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். காலையில் ஏறியவர் மூன்று நாள் பார்த்த என் முகத்தைப் பார்க்கவே இல்லை, டிரைவர், ஹீட்டரைக் கூட்டுங்க என்றார் கண்ணாடியைப் பார்த்து. லிவர்பூல் போய்ச் சேர்ந்ததும் என் மைக்கையே பிடுங்கி முப்பத்தொரு பிள்ளைகளுக்கும் சொன்னார்: "மூணே முக்கால். ஒரு நிமிஷம் பிந்தினாலும் வண்டி நிக்காது. பிந்தினவங்க ரயில்ல வாங்க, யாருக்கும் விதிவிலக்கு கிடையாது." மைக்கை என்னிடம் நீட்டினார். நன்றி சார் என்றேன். இந்தத் தடவை மனசாரச் சொன்னேன்.

மெய்ஸி என்னைப் பத்தடி பின்னால் வரச் சொன்னாள், அப்புறம் இருபதடி, கடைசியில் கையசைத்தே விரட்டிவிட்டாள். அங்கே எல்லாப் பெற்றோரும் அப்படித்தான், பிள்ளைகளுக்குப் பின்னால் ஆளுக்கு மூன்று துணிப்பையும் இலவசப் பேனாவுமாக மழையில் ஊர்ந்துகொண்டிருந்தோம். நான் தனியாகச் சுற்றிக் கால்நடை மருத்துவ மேசைக்குப் போனேன். மஞ்சள் சட்டை போட்ட மாணவி ஒருத்தி நின்றாள். இதற்கு வயது வரம்பு உண்டாம்மா என்று கேட்டேன். என் தலைமுடியையும் வயிற்றையும் ஒருமுறை பார்த்துவிட்டு, அதெல்லாம் கிடையவே கிடையாது சார் என்றாள், அவ்வளவு அன்பாக. மாடுகளோடு அனுபவம் உண்டா என்றாள். ஆறு வருஷம், அறுநூறு மாடு என்றேன். அவள் கண் விரிந்தது. பழைய மதிப்பெண் செல்லுமா என்று கேட்டேன், ஒன்றிரண்டு பாடம் மறுபடி எழுத வேண்டி வரலாம், எழுதிக் கேளுங்கள் என்று மாணவர் சேர்க்கையைப் பார்க்கும் அம்மாவின் பெயரை ஒரு அட்டையில் எழுதிக் கொடுத்தாள். சிபாரிசுக்குப் பள்ளியே வேண்டாமாம், கூட வேலை பார்க்கும் கால்நடை டாக்டர் எழுதினால் போதுமாம். எனக்கில்லை என்று சொல்ல வாய் வரவில்லை, அந்தப் பெண் என் கையைப் பிடித்து, உங்களைப் போல ஒருத்தரைப் பார்க்கவே சந்தோஷமா இருக்கு சார் என்று சொல்லிவிட்டாள். ஐம்பத்தாறு வயதில் முதல் தடவையாக ஒரு பல்கலைக்கழகம் என்னை விரும்பியது.

மூன்று நாற்பதுக்கு எல்லாப் பிள்ளைகளும் ஏறிவிட்டார்கள். கூட வந்த இன்னொரு ஆசிரியை மிஸ் அக்தர் தலையை எண்ணினார், முப்பத்தொன்று. கார்ஸைட்டைக் காணவில்லை, அவருடைய பழைய கல்லூரி நண்பர் ஒருவர் அங்கே வேலை பார்க்கிறாராம், அங்கே கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்தாராம். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். ரெண்டு நிமிஷம் பார்ப்போமா என்றார் மிஸ் அக்தர். பார்க்கலாம் மிஸ், ஆனா மூணே முக்கால்னு சார் மைக்கிலேயே சொன்னாரே என்றேன். அந்த அம்மா என்னைப் பார்த்தார், அப்புறம் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், அப்புறம் உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டார். அவருக்கும் ஏதாவது பாக்கி இருந்திருக்கும். சரியாக மூன்றே முக்காலுக்குக் கதவை மூடினேன். அந்தக் கதவு மூடும்போது உஸ்ஸென்று ஒரு பெருமூச்சு விடும் பார், அன்றைக்கு அது என்னுடையதுதான். மூலை திரும்பும்போது கண்ணாடியில் பார்த்தேன், ரெண்டு கையிலும் துணிப்பையோடு ஓடிவந்துகொண்டிருந்தார். நன்றாகவே ஓடுகிறார், அந்த வயதுக்கு.

மெய்ஸி எழுந்து முன்னால் வந்து, அப்பா அவர் ஏறலை என்றாள். தெரியும், போய் உட்காரு என்றேன். அவள் முகம் வெளுத்துவிட்டது, நவம்பரில் நேர்முகத் தேர்வுக்குப் பயிற்சி கொடுப்பது அவர்தானாம், என் வாழ்க்கையை நாசம் பண்ணிட்டீங்க என்றாள் மெதுவாக. அது குத்தியது, மறைக்கவில்லை. திட்டம் போட்டவன் அதை யோசிக்கவே இல்லை. பத்து நிமிஷத்தில் மிஸ் அக்தரின் போன் அடித்தது. கார்ஸைட்தான், டிரைவரிடம் கொடு என்கிறாராம். வண்டி ஓட்டும்போது பேசக் கூடாது, சட்டம் என்றேன், கெடுன்னா கெடுதான், யாருக்காகவும் நிக்காதுன்னு மட்டும் சொல்லுங்க. அந்த அம்மா வார்த்தை மாறாமல் அப்படியே சொன்னார். பிறகு போனைக் கையால் மூடிக்கொண்டு, டிரைவர் யாருன்னு கேட்கிறார் என்றார்.

"கர்ஸ்டி லம்ப்போட அப்பான்னு சொல்லுங்க" என்றேன். "கேரன் இல்ல மிஸ், கர்ஸ்டி. நிறுத்திச் சொல்லுங்க."

சொன்னார். ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தியே சொன்னார். ராச்டேல் ஊரைத் தாண்டியதும் மெய்ஸி முன் படியில் வந்து உட்கார்ந்து, அக்காவுக்கு நான் சொல்லட்டுமா, நீங்க சொல்றீங்களா என்று கேட்டாள். பயிற்சியை மிஸ் அக்தரே கொடுப்பதாகச் சொல்லிவிட்டார், அதனால் அவள் வாழ்க்கை இப்போதைக்கு நாசமாகவில்லை, ஆனாலும் பாத்திரம் கழுவும் முறை ஒரு மாதத்துக்கு என்னுடையது. கார்ஸைட் ரெண்டு ரயில் மாறி, தண்டவாள வேலையால் கடைசி இருபது மைல் மாற்றுப் பேருந்தில் வந்தார், அது நம்ம ட்ரெவரின் வண்டிதான், ஓட்டியது என் சிநேகிதன் பாஸ், அவனிடமும் ஹீட்டரைக் கூட்டச் சொன்னாராம், வேலை செய்யவில்லை என்றானாம். திங்கட்கிழமை புகார் வந்தது. அவரே நேரம் சொன்னதற்கு முப்பத்தொரு சாட்சி என்று மிஸ் அக்தர் எழுதிக் கொடுத்ததால் வேலை தப்பியது, கிறிஸ்மஸ் வரை பள்ளி வண்டி கிடையாது, பெரியவர்களைக் கடற்கரைக்கு பிங்கோ ஆடக் கொண்டுபோகிறேன், அவர்கள் கையில் மிட்டாய் கொடுக்கிறார்கள். உங்களுக்கு ஐம்பத்தாறு வயசா, இல்லை ஆறா என்று உன் அம்மா திட்டினாள், திட்டிக்கொண்டே சுட்ட இறைச்சியில் பெரிய துண்டை என் தட்டில் வைத்தாள்.

வெட்கமாக இருக்கிறதா என்று நீ கேட்பாய். இல்லை. ஆனால் ஒன்று, அந்த மனிதர் நாலு மணி நேரம் தாமதமாக வீட்டுக்குப் போனார், நீ ஒன்பது வருடம் தாமதமாகியிருக்கிறாய். கணக்கு ஒத்துவரவில்லை கர்ஸ்டி. மீதியை என்னால் தீர்க்க முடியாது, எனக்குக் கோச் ஓட்டத்தான் தெரியும். இப்போது பையைத் திற. அந்தப் பல்கலைக்கழகத்தின் பிராஸ்பெக்டஸில் நாற்பத்தாறாம் பக்கத்தை மடித்து வைத்திருக்கிறேன், அந்த அம்மாவின் பெயர் எழுதிய அட்டையும் அங்கேதான். மெய்ஸிக்கு இடம் கிடைத்தால் அவள் உனக்கு ஒரு வருடம் மூத்த மாணவி, அந்தக் கொடுமையை நீ பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள், உதைக்கிற மாட்டின் பின்னால் நிற்காதே, நல்லபடியாக இரு, நீ நினைத்தது நடக்கட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. அடுத்த வருடம் அக்டோபர் பதினைந்து, மாலை ஆறு மணி. உன் ஊரில் அப்போது மறுநாள் காலை ஆறு, கறவை நேரம். அனுப்பிவிட்டுக் கறக்கப் போ.

வண்டியைக் கிளப்பி வைத்துக்கொண்டு, உனக்காக மட்டும் எவ்வளவு நேரமானாலும் நிற்கும்
உன் அப்பா,
டெஸ் லம்ப்